கருப்பட்டி வழிந்த கோமுகி

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலையில், தூத்துக்குடிக் கடற்கரைச் சாலைக்குப் பின்புறமுள்ள சந்தில், பழைய கட்டடம் ஒன்றின் சுவரிலிருந்து கருப்பட்டிப் பாகு வழிந்துகொண்டிருந்தது.

கசிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். வழிந்தது. சுவரின் அடியில் கல்லாலான வாய் ஒன்று ஒரு முழ நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வழியே கரிய பாகு, கட்டைவிரல் கனத்தில், யாதொரு அவசரமுமின்றி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சர்க்கரையைச் சீட்டுக்கு அளந்து கொடுத்த நாட்கள். ஆகவே அந்தச் சந்திலிருந்த செம்பு, தூக்குச் சட்டி, சருவம் அனைத்தும் அந்தக் கல்வாயின் கீழ் வரிசையில் நின்றன. எறும்புகள் தமக்கென வேறொரு வரிசை வைத்திருந்தன.

நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அலுவலகத்துக்குப் போகிற வழியில் இதைக் கண்டு நின்றேன். ஏனையோர் பாகைப் பார்த்தார்கள். நான் திசையைப் பார்த்தேன். அந்தக் கல்வாய் வடக்கு நோக்கி இருந்தது. கருவறையில் இறைவனை நீராட்டிய நீர் வடக்குப் புறமாகத்தான் வெளியேறும் என்பதும், அது வெளியேறும் வாய்க்குக் கோமுகி என்று பெயர் என்பதும் அன்பர்கள் அறிந்ததே. என் கைகள் தாமாகவே குவிந்தன.

"பிள்ளைவாள் பாத்திரம் கொண்டாரலையா?" என்று வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டாள்.

"இது பாத்திரத்தில் ஏந்துவதன்று, அம்மா; சிரத்தில் தெளித்துக்கொள்வது" என்று சொல்லி, இரண்டு துளியை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டேன்.

அன்று பகல் முழுவதும் அலுவலகத்தில் என் மேசையை நாடி எறும்புகள் வந்தவண்ணம் இருந்தன. பக்கத்து மேசைக்காரர் தம் நாற்காலியைச் சன்னல் ஓரமாக நகர்த்திக்கொண்டார். நான் பொருட்படுத்தவில்லை.

அண்ணாச்சியின் அச்சம்

அந்தக் கட்டடத்தை அண்மையில் ஏலத்தில் எடுத்திருந்தவர் செல்லையா அண்ணாச்சி. உடன்குடியிலிருந்து கருப்பட்டி வரவழைத்து விற்பவர். ஊரில் சரக்கு அடுக்கும் கிட்டங்கிகள் எல்லாம் யுத்தச் சரக்குக்குப் போய்விட்டதால், பூட்டிக் கிடந்த இந்தப் பழங்கட்டடத்தை வாங்கி, முதல் சரக்கை உள்ளே அடுக்கியிருந்தார். மூன்றே வாரத்தில் அந்தச் சரக்கில் பாதி சந்துக்கு வந்துவிட்டது.

அன்று மாலை அவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, நானும் முப்பது வருசமா கருப்பட்டி யாவாரம் பண்ணுதேன். பதினேழாம் வருசத்து மழை, பதினெட்டாம் வருசத்து மழை எல்லாம் பார்த்தாச்சு. ஓலைக் குடிசைல வச்ச கருப்பட்டிகூட கல்லு மாதிரி கெடந்துருக்கு. இந்தச் சொவத்துக்குள்ள வச்சா உருகி ஓடுது. இங்கன ஏதோ இருக்கு."

"எதுவென்று எண்ணுகிறீர்கள்?"

"சாமியா இருந்தா நான் பாவம் பண்ணிட்டேன். பேயா இருந்தா வித்தவன் பாவம் பண்ணிட்டான். எதுன்னு தெரியணும்லா?"

பிறகு அவர் சொன்னதுதான் என் நெஞ்சைத் துள்ளச் செய்தது. தை பிறப்பதற்குள் அது என்ன கட்டடம் என்று யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும். கோயிலென்றால் சாவியைக் கோயிலைச் சேர்ந்தவர்களிடம் கொடுத்துவிடுவார். ஒன்றுமில்லை என்றால் இடித்து, கல்லைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விற்றுவிடுவார்.

எனக்கு அந்தச் சாவி எவ்வளவு தேவைப்பட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் ஐவர் வெள்ளிதோறும் கூடிப் பதிகம் பாடிவந்தோம். பாடிய கூடம் அரிசி வழங்கும் இடமாக மாற்றப்பட்ட பின், பாட்டு என் வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. இரண்டாம் வெள்ளியன்றே அடுத்த வீட்டார் வந்து, நாங்கள் பாடத் தொடங்கியதிலிருந்து தம் பசு பால் கொடுக்க மறுக்கிறது என்று முறையிட்டார்கள். பசுவுக்கும் பண்ணுக்கும் பகை இருக்க முடியாது என்று நான் வாதிட்டேன். என் மனைவி பசுவின் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

"அது வாயில்லாச் சீவன். எழுந்திரிச்சுப் போகவும் முடியாது. நானாவது குசினிக்குள்ள போயிருதேன்" என்றாள்.

தை மாதத்துக்கு மேல் வீட்டில் பாட்டு கிடையாது என்பது அவள் தீர்ப்பு. ஐந்து பேர் பாட ஒரு கூரை வேண்டும். வடக்கு நோக்கிய கோமுகியோடு கூடிய கூரை என்றால் கசக்குமா?

இன்னொருவர்

மறுநாள் காலை அண்ணாச்சியிடம் சாவி வாங்கிக்கொண்டு போனபோது, கதவு திறந்தே கிடந்தது; எனக்கு முன்பே ஒருவர் உள்ளே நின்று, கூரையைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கஸ்பார் பர்னாந்து. தோணி ஓட்டி ஓய்ந்த தண்டல், அதாவது தோணித் தலைவர். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள ஒவ்வோர் அலையும் தம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்பார். அவருக்கும் ஒரு பாட்டுக் கூட்டம் இருந்தது. தபசு காலத்தில் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைச் சொல்லிப் புலம்பிப் பாடுகிற, அவரையும் சேர்த்து ஒன்பது கிழமாலுமிகள். அவர்களுக்கும் இடமில்லை. திரேஸ்புரத்தில் தண்டல் குடியிருந்தது அவருடைய அக்காள் அந்தோணியம்மாளின் வீட்டில். அந்த அம்மாள் கருவாட்டு வியாபாரி. முற்றத்தில் கருவாடு காயும்போது ஒன்பது பேர் நின்று அழுதால் ஈரம் பட்டுவிடும் என்று விரட்டிவிட்டாராம்.

அண்ணாச்சி அவரிடமும் ஒரு சாவி கொடுத்திருந்தார். யாருடைய கோயில் என்று தெரியாதபோது இரு பக்கத்தாரையும் கேட்பதுதானே முறை?

"வாரும் பிள்ளைவாள். வீணா நடந்துட்டீரே. இது எங்க கோயிலுல்லா" என்றார் தண்டல்.

நான் கண்டதும் அவர் கண்டதும்

கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீண்ட ஒரே கூடம். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்லால் கட்டிய சுவர், ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம் என்னும் அகலம். அதன் மேல் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்புப் பூச்சு. வாயில்கள் வெள்ளைக்காரர் பாணியில் வளைந்திருந்தன. சன்னல்கள் ஆள் எட்டாத உயரத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே. தேக்கு உத்திரம் ஒன்றில் ஆணித் துளைகள் வரிசையாக இருந்தன. ஏதோ உடைந்த மரக்கலத்தின் உறுப்பு என்று தண்டல் மோந்து பார்த்துச் சொன்னார்.

தரைதான் விந்தை. மூன்று பக்கத்திலிருந்தும் வடசுவரை நோக்கிச் சரிந்தது. தென்கோடியில் மார்பளவு உயரமான மேடையும் அதற்கு ஐந்து படிகளும் இருந்தன. பக்கச் சுவர்களில் கை நுழையும் அளவு மாடங்கள், பக்கத்துக்கு ஆறாக. வடமூலையில் ஒரு குழி. அதன் மேல் சாந்து பூசி அடைத்த கற்பலகை.

சரிந்த தரை இறைவனை ஆட்டும் நீர் ஓடுவதற்கு என்றேன் நான். ஞானஸ்நானத் தண்ணீர் ஓடுவதற்கு என்றார் அவர். மேடை ஓதுவார் நின்று பாடுமிடம் என்றேன். சாமியார் பிரசங்கம் வைக்குமிடம் என்றார். பன்னிரண்டு மாடங்களும் பன்னிரண்டு சூரியர்களுக்கு உரியவை என்றேன்.

"பன்னெண்டு அப்போஸ்தலர்மார். எண்ணிக்கைய மாத்த முடியாதுல்லா?" என்றார்.

சாந்து பூசி அடைத்த குழியின் கீழ் மூலவர் எழுந்தருளியிருப்பதாக நான் கருதினேன். ஒரு புனிதருடைய கல்லறை என்று அவர் கருதினார். இருவருமே அந்தப் பலகையின் மேல் செருப்புடன் நிற்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

பழம்பாடல்களில் ஆதாரம் தேடினேன். கடலோரக் கோயில்களைப் பாடிய பெரியோர் தாழையையும் புன்னையையும் சங்கையும் முத்தையும் வாரி வழங்கியிருந்தார்கள். ஒரே வாரத்தில் அந்தச் சந்துக்குப் பொருந்தும் பதிகங்கள் பதினொன்று கிடைத்தன. அவை வேம்பாற்றுக்கும் மணப்பாட்டுக்கும், கடல் உள்ள எந்த ஊருக்கும் அதே அளவு பொருந்தும் என்பதை நான் அண்ணாச்சியிடம் குறிப்பிடவில்லை.

எனக்குக் கிடைத்த பெருஞ்சான்று மாடங்களில் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சிரட்டை அளவு வெண்பொடி கட்டிதட்டிக் கிடந்தது. பழந்திருநீறு. எத்தனை தலைமுறைக்கு முன் எந்த அடியார் வைத்ததோ? அதை விரலால் உதிர்த்து, நாள்தோறும் நீராடியபின் நெற்றியில் பூசத் தொடங்கினேன். என்னோடு பாடும் மற்ற நால்வருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இரண்டாம் வாரத்தில் நெற்றி அரித்தது. மூன்றாம் வாரத்தில் தோல் உரிந்தது. பழைய தோல் போய்ப் புதியது வருவதை நான் நல்ல குறியாகவே கொண்டேன்.

"நெத்தி என்ன மாட்டுக்குச் சூடு போட்ட வடு மாதிரி ஆயிட்டு? கடலை மாவாவது போட்டுக் களுவுங்க" என்றாள் மனைவி.

ஒரு பழைய வெட்கம்

இந்த இடத்தில் வேறொன்றைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. எங்கும் கோயிலைக் காண்பது எனக்கு இளமையிலேயே வந்த பழக்கம். ஒருமுறை எட்டயபுரத்திலிருந்து கட்டை வண்டியில் வந்துகொண்டிருந்தேன். விடியற்பனியில் தூத்துக்குடிக்கு வெளியே வெண்கோபுரங்கள் வரிசையாக எழுந்து நின்றன. வண்டியை நிறுத்தச் சொல்லி, ஈரத் தரையில் விழுந்து வணங்கி, ஒரு பதிகத்தை முழுவதும் பாடினேன்.

வண்டிக்காரர் பாட்டு முடியும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு, "சாமி, அது உப்பு அம்பாரம். மளைக்கு ஓலை மூடாம வச்சிருக்கான்" என்றார்.

அப்போதே பாடம் கற்றிருக்க வேண்டும். பாட்டு நன்றாக அமைந்திருந்தது என்ற மகிழ்ச்சியில் பாடத்தை விட்டுவிட்டேன்.

கல் திறந்த நாள்

மார்கழி முடிய நான்கு நாள் இருந்தது. அண்ணாச்சி பொறுமை இழந்தார். ஞாயிற்றுக்கிழமை, தண்டல் கூட்டம் காலைப் பூசை கண்டு வந்தபின், இரு தரப்பும் கூடட்டும், குழியைத் திறந்துவிடலாம், உள்ளே இருப்பது யாரோ அவர் கட்டடம் என்று முடிவாயிற்று.

நாங்கள் ஐவர், அவர்கள் ஒன்பதின்மர். முதலில் என் சான்றை நிறுவ விரும்பி, மேடையருகே ஒரு குடம் நீர் ஊற்றச் செய்தேன். நீர் மெல்ல ஓடி, வடசுவரை அடைந்து, கோமுகி வழியே சந்தில் விழுந்தது. எங்கள் ஐவர் கண்ணிலும் நீர். தண்டல் அதே இடத்தில் தாமும் ஒரு குடம் ஊற்றினார். அதுவும் அவ்வாறே ஓடியது. அவர்கள் ஒன்பதின்மர் கண்ணிலும் நீர்.

"தண்ணி ரெண்டு பேருக்கும் ஒண்ணு போலத்தான் ஓடுது. கல்லத் தொறங்க" என்றார் அண்ணாச்சி.

கடப்பாரையை யார் பிடிப்பது என்பதில் சற்று நேரம் சென்றது. முடிவில் நானும் தண்டலும் சேர்ந்து பிடித்தோம். நாங்கள் பதிகம் தொடங்கினோம். அவர்கள் செபம் தொடங்கினார்கள். சாந்து விரிந்தது. பலகை ஒரு சாண் நகர்ந்தது.

அன்பர்களே, அந்த நாற்றத்தை எழுதுவதற்கு உரிய சொல் என் படிப்பில் இல்லை. கடலின் அடியில் இறந்த யாவும் அந்தக் குழியில் ஒன்றுகூடி, எங்களை எதிர்பார்த்துப் பல காலம் காத்திருந்தது போல் இருந்தது. பதிகம் இரண்டாம் அடியில் நின்றது. செபம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. வளைந்த வாயிலில் பதினான்கு பேர் ஒரே சமயத்தில் நுழைய முயன்றதில் என் மேல்துண்டு யாரிடமோ போயிற்று. எங்களை முந்திக்கொண்டு அண்ணாச்சி சந்தில் நின்றிருந்தார். தெருப் பூனைகள் மட்டும் எதிர்த்திசையில் ஓடின.

அந்தோணியம்மாள் வந்தார்

தலையில் கருவாட்டுப் பெட்டியோடு சந்துக்குள் வந்தவர் தண்டலின் அக்காள். அறுபதைக் கடந்தவர். பூசையிலிருந்து வீட்டுக்கு வராத தம்பியைத் தேடி வந்திருந்தார்.

"ஏலே கஸ்பாரு, சோறு ஆறிக் கெடக்கு. இங்கன கும்பலா நின்னு என்னல பண்ணுத?" என்றவர், நின்று மூக்கை உயர்த்தினார். நாங்கள் அனைவரும் துணியால் மூக்கைப் பொத்தியிருக்க, அந்த அம்மாள் ஒருவர் மட்டும் நன்றாக மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்தது.

"இது சிப்பிக் கிட்டங்கியில்லா? இன்னுமா நிக்குது?"

எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வேறு வழியின்றி நாங்களும் பின்தொடர்ந்தோம்.

அவர் சொன்னது இது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் குளியாட்கள் எடுத்துவந்த சிப்பியை இந்தக் கூடத்தில் குவித்து அழுகவிடுவார்கள். சதை அழுகிப் புழுத்த பிறகு, பெண்களை உட்கார்த்தி அலசச் சொல்வார்கள். அழுக்குநீர் சரிந்த தரையில் ஓடும். முத்து அதோடு ஓடிவிடாதபடி வடமூலைக் குழியில் தங்கிப் படியும். தெளிந்த நீர் கல்வாய் வழியே சந்துக்குப் போகும். அந்தோணியம்மாள் சிறு பெண்ணாக இருந்தபோது தாயோடு இங்கே அலசியிருக்கிறார்.

"கருப்பட்டி ஏன் உருகிச்சு?" என்றார் அண்ணாச்சி.

"கடலுக் கல்லு அண்ணாச்சி. உப்பு. மளை பேஞ்சா சொவரு வேர்க்கும். இதுக்குள்ள கருப்பட்டிய வச்சா உருகாம, பின்ன கல்யாணமா பண்ணும்?"

எனக்கு இன்னும் ஒரு பிடி இருந்தது. மாடத்தைக் காட்டி, "அப்படியானால் இந்தத் திருநீறு?" என்றேன்.

அம்மாள் மாடத்தைப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார்.

"அது வெத்தலைச் சுண்ணாம்பு பிள்ளைவாள். நாலு பேருக்கொரு மாடம். அலசுற கையாலயே தொட்டுத் தொட்டுப் போட்டுக்குவோம். நீரு எந்த மாடத்துல எடுத்தீரு?"

நான் விரலால் சுட்டினேன்.

"அது எங்கம்மா மாடம்" என்றார், மரியாதையோடு.

நாங்கள் ஐவரும் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றோம். தண்டல் சிரிக்கவில்லை. அவர் தரையில் பார்வையை நட்டிருந்தார். அங்கே அப்போஸ்தலர்களும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை.

"அப்போ சாமியும் இல்ல, பேயும் இல்ல. நாளைக்குக் காளவாய்க்காரனை வரச் சொல்லிருதேன்" என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் நிம்மதி. எங்கள் பதினான்கு பேருக்கும் அந்தக் கூரை அப்போதே இடிந்து விழுந்தது.

மேடையின் கதை

போகத் திரும்பிய அண்ணாச்சி, நல்லவேளையாக, ஒன்றைக் கேட்டார். "அந்த மேடை எதுக்கு?"

"அது கங்காணி நிக்கிற எடம். நாங்க முத்தை எடுத்து வாய்க்குள்ள போட்டுருவோம்னு மேலேருந்து பார்த்துக்கிட்டே நிப்பான். ஐம்பது பொம்பளை வாயை ஒருத்தன் எப்படிப் பாப்பான்? அதனால பாடச் சொல்லிருவான். வெத்தலை போட மட்டும் வரிசையா விடுவான். மத்தபடி காலைல குந்துனா பொழுதடையப் பாட்டுத்தான். பாடுற வாயில முத்து நிக்காதுல்லா? எவளாவது நிறுத்துனா, அவளை எழுப்பி வாயைத் தொறக்கச் சொல்லுவான்."

"என்ன பாட்டு?"

"அவவளுக்குத் தெரிஞ்சது. நாங்க மாதா பாட்டு. நாட்டுப்புறத்துலேருந்து வந்தவளுவ முருகன் பாட்டு. கங்காணிக்கு ராகமா முக்கியம்? வாய் தொறந்திருந்தா போதும்."

அண்ணாச்சி வாயிலிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தில் பழைய அச்சம் திரும்பி வருவதை நான் கண்ணாரக் கண்டேன்.

"பொழுதடைய மாதாவையும் முருகனையும் கூப்பிட்டிருக்காவ. இந்தச் சொவரு கேட்டிருக்கு. இதை நான் சுட்டுச் சுண்ணாம்பாக்குனா?" அவர் முடிக்கவில்லை. நானும் தண்டலும் முடிக்கச் சொல்லவுமில்லை.

"நீ ஒரு முத்துகூட எடுக்கலையாக்கா?" என்று தண்டல் மெல்லக் கேட்டார்.

"வாயைத்தானல அவன் பார்த்தான். அந்த நாத்தத்துக்கு மூக்கை அடைக்க ஏதாவது வேணும்லா?"

"பாவசங்கீர்த்தனம் பண்ணினியா?"

"பண்ணாம? சாமியார் சிரிச்சுட்டாரு. சிரிச்சா மன்னிச்ச மாதிரித்தான்."

அண்ணாச்சி இரு சாவிகளையும் திரும்ப வாங்கி அந்தோணியம்மாளிடமே கொடுத்தார். வெள்ளி எங்களுக்கு, ஞாயிறு அவர்களுக்கு. ஏனைய நாட்களில் அம்மாள் அங்கே கருவாடு வைத்துக்கொள்ளலாம்; கருவாடு உப்புக்கு அஞ்சுவதில்லை.

"இந்தக் கட்டடத்தைப் பத்தி மொதல்லயே ஒங்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார் அண்ணாச்சி.

"எங்கிட்ட எவன் கேட்டான்?" என்றார் அம்மாள்.

தை முதல் வெள்ளி. குழியைத் தூர்த்து, தரையை ஏழு முறை கழுவி, விளக்கேற்றி அமர்ந்தோம். நாற்றம் முழுவதும் போயிருக்கவில்லை. ஆகையால் நான் உதட்டைப் பெரிதும் விரிக்காமல், அடங்கிய குரலிலேயே பதிகத்தைத் தொடங்கினேன். கருவாட்டுப் பெட்டிகளை அடுக்கிவிட்டு மேடையில் அமர்ந்திருந்த அந்தோணியம்மாள், முதல் பாட்டு முடியுமுன்பே கை தட்டி நிறுத்தினார்.

"பிள்ளைவாள், வாயைத் தொறந்து பாடும். உள்ள என்ன வச்சிருக்கீரு?"

நான் எழுந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து காட்டிவிட்டு, அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து உரத்துப் பாடினேன்.